சேமித்த ஆட்டம் காலையில் காணாமல் போன வீடு

போன மாதம் நம் வீட்டில் தள்ளுபடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கேம் வாங்கினோம். ஆறு பேர் சேர்ந்து வாளும் மந்திரமுமாகப் பாதாளத்துக்குள் இறங்கிப் போகும் கதை. பிள்ளைகளே, அது நீங்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த கேம். இப்போதைய கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி சரி செய்து மறுபடி விற்கிறார்கள். இனியன் ஒரு பட்டனை அழுத்தினான், இறங்கியது, ஓடியது.

"இவ்ளோதாம்ப்பா. இதுக்கு எதுக்கு ஒரு கடை, ஒரு ஆளு? அங்க உக்காந்து நீ என்னதான் பண்ண?"

"சும்மா இருடா" என்றாள் அவன் அக்கா தமிழ்ச்செல்வி. ஆனால் அவளுக்கும் அதே கேள்வி இருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கேள்வி நியாயமானதுதான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்று எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து இது. உங்களோடு விளையாட வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் படிக்கலாம்.

முதலில் நான் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் கேபிள் இழுத்தேன். நிலக்கரி வெட்டும் ராட்சத மெஷின் நகர நகர, அதன் பின்னால் தொடை பருமனுள்ள கேபிளைத் தோளில் தூக்கிப்போகிற வேலை. கான்ட்ராக்ட் முடிந்தபோது வயது நாற்பதை நெருங்கிவிட்டது. பர்மனென்ட் ஆகவில்லை. மெயின் பஜாரில் பிலோமினா மேடம் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார். தூக்கப் போனவன் திறக்கக் கற்றுக்கொண்டேன், திறந்தவன் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டேன். கற்ற கதை அவ்வளவுதான். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை, நிறைய பாகங்களை எரித்தேன் என்பதைத் தவிர.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்காரர். கணவர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தார். என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவர், அதனால் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வேலையில் அண்ணன் தம்பி கிடையாது. ஒருவர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து "ஓடலை" என்று சொன்னால், நாம் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கூடாது. அவரையே நாற்காலியில் உட்காரவைத்து, வீட்டில் என்ன செய்வாரோ அதைச் செய்யச் சொல்லவேண்டும். நாம் பின்னால் நிற்கவேண்டும், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"கைய முன்னால வச்சீங்கன்னா அது தானா மவுசுக்குப் போயிரும்ணே" என்பார் மேடம். "உங்க கை போச்சுன்னா அவரு கை நின்னுரும். அப்புறம் அவரு செய்யுற தப்ப எப்படிப் பாக்க?"

வாடிக்கையாளர் திக்கித் தடுமாறுவார், தப்பான இடத்தை நாலு தடவை அழுத்துவார். பின்னால் கை கட்டி நிற்பது, கேபிள் தூக்குவதைவிடக் கஷ்டம். மேடம் சிரிக்கமாட்டார், அவசரப்படுத்தமாட்டார். "அடுத்து என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்பார். பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய கேம் வேலை என்னிடம் வந்தது இப்படித்தான். சுரங்கக் கம்பெனி கட்டிய எங்கள் டவுன்ஷிப்பில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். வெளியூர் போய்வந்தவர்கள், அந்தக் காலத்திலேயே வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், பழைய சிடிகளை அலமாரியில் வைத்திருந்தவர்கள். புதுக் கம்ப்யூட்டரில் அந்த சிடி ஓடாது. ஓடினாலும் பேய் பிடித்த மாதிரி ஓடும். அந்தக் கேமை எழுதியவர்கள் அன்றைய கம்ப்யூட்டரின் வேகத்தை நம்பி எழுதியிருந்தார்கள். இன்றைய வேகத்தில் நம் ஆள் ஒரு அடி வைப்பதற்குள் பூதம் வந்து அடித்துப்போட்டுவிட்டுப் போய்விடும்.

அதற்கு ஒரு வழி உண்டு. புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல நடிக்கிற புரோகிராம் ஒன்றைப் போடவேண்டும். கேம் அதற்குள்தான் ஓடும், வெளியே இருப்பது அதற்குத் தெரியாது. சிடியை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய துணியால் துடைப்பது, உள்ளே இருப்பதை ஒரு ஃபோல்டரில் நகல் எடுப்பது, நடிக்கிற புரோகிராமின் வேகத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைப்பது. கதாபாத்திரம் நடக்கும் நடை மனித நடை மாதிரி ஆனதும் நிறுத்துவேன். அளவு எதுவும் கிடையாது, கண்தான் அளவு. பிறகு கம்பெனிகளே அந்த வேலையையெல்லாம் முடித்து, பழைய கேம்களைத் தள்ளுபடியில் இன்டர்நெட்டில் விற்க ஆரம்பித்தார்கள். இனியா, நீ அழுத்திய பட்டனுக்குள் அந்த வேலை முழுக்க இருக்கிறது.

அப்படி விற்க ஆரம்பித்த காலத்தில்தான் கலியபெருமாள் வந்தார்.

கலியபெருமாள் சுரங்கத்தில் எலெக்ட்ரீசியன், பர்மனென்ட். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். ஊருக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது, குள்ளஞ்சாவடி தாண்டி, ரோட்டில் கொட்டிக்கிடந்த காய்ந்த கரும்பிலைச் சோகையில் வண்டி வழுக்கிவிட்டது. வலது மணிக்கட்டு உடைந்து தகடு வைத்தார்கள். நரம்பும் அடிபட்டிருந்தது. எலும்பு கூடிய பிறகும் விரல்கள் மடங்கவில்லை. மெடிக்கல் போர்டு பார்த்து 'ஃபிட்' என்று எழுதினால்தான் எலெக்ட்ரிக்கல் வேலைக்குத் திரும்பமுடியும். இல்லாவிட்டால் லைட் டூட்டி. சம்பளம் வரும், வேலை வராது.

"கேட்டுல உக்காந்துகினு லாரி நம்பரு எழுதச் சொல்லுவான்" என்றார் என்னிடம். "அதுவும் இடது கையால. நான் இன்னாத்துக்குண்ணே இத்தினி வருஷம் கத்துகினேன்?"

விரலுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் பிசைந்தார். பிறகு அந்தப் பந்து பக்கத்து வீட்டு நாயிடம் இருந்தது. அவர் மகள் சுகந்தி சிதம்பரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள், சனி ஞாயிறு வருவாள். கீபோர்டில் விரல் ஓடினால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. புதுக் கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அப்பாவின் விரல் மடங்குவதற்குள் எதிரி சுட்டுவிட்டான். திரும்பத் திரும்பச் சுட்டான். கலியபெருமாள் கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விட்டார்.

அப்புறம்தான் அவள், போன மாதம் நாம் வாங்கிய அதே பழைய கேமைத் தள்ளுபடியில் வாங்கினாள். அது முறை வைத்து ஆடுகிற கேம். நாம் ஒரு அடி வைத்தால்தான் பூதம் ஒரு அடி வைக்கும். நாம் டீ குடித்துவிட்டு வந்தாலும் பூதம் கையை ஓங்கியபடியே நிற்கும். இன்னொன்று, அந்தக் காலத்துக் கேம்களில் நடப்பதற்கு, கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கும் எண்களைத்தான் வைத்திருந்தார்கள். எட்டு திசைக்கு எட்டு எண். வலது கை விரல்கள் எல்லாம் வேலை செய்தாகவேண்டும். சுகந்தி அதைக் கவனித்துத்தான் வாங்கினாள். கெட்டிக்காரப் பெண்.

மவுஸ் ஒட்டிக்கொள்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ச் சரி செய்தேன். கலியபெருமாள் ஆடுவதைப் பார்த்தபோது, இடது கை மேசையைத் தாண்டி எண்களுக்கு வந்து வந்து போயிற்று.

"திருட்டுக் கை" என்றார் அவர். "வலது கை தடுமாறுனா, நான் பாக்கறேன்னு பெரிய மனுசன் மாதிரி வந்துருது." தோளில் இருந்த துண்டை எடுத்தார். "அண்ணே, இத நாற்காலியோட சேத்துக் கட்டு."

கட்டினேன். அன்றிலிருந்து இடது கையைக் கட்டிக்கொண்டுதான் ஆடினார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த அவர் மனைவி காலையில் கிளம்பும்போது கட்டிவிட்டுப் போவார். முடிந்ததும் இவரே பல்லால் அவிழ்த்துக்கொள்வார்.

ஆறு பேருக்கும் தன் செக்ஷன் ஆட்களின் பெயரை வைத்திருந்தார். "திருடனுக்கு எங்க ஃபோர்மேன் பேரு" என்றார். "எந்தப் பூட்டா இருந்தாலும் தொறந்துருவான். ஓவர்டைம் கேட்டா மட்டும் தொறக்கமாட்டான்." மந்திரக்காரனை எப்போதும் நடுவில்தான் விடுவார். ஏனென்று கேட்டேன். "அவன் புதுசா சேந்தவன். புது ஆள முன்னாடி வுடக்கூடாது."

ஒரு வாரம் ஆகியிருக்கும். ஆள் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"நேத்து ரெண்டாவது தளம் வரைக்கும் எறங்கிட்டேன். சேவ் பண்ணேன். காலைல தொறந்தா, முதல் நிலவறையிலயே நிக்கறேன். முந்தாநேத்தும் இப்டிதான்."

கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். நானே ஆடிப் பார்த்தேன், சேமித்தேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். சேமித்தது அப்படியே இருந்தது. வைரஸ் பார்த்தேன். ஹார்ட் டிஸ்கைச் சோதித்தேன். கேமை அழித்துப் புதிதாக இறக்கினேன். ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கொண்டுபோனார். மறுநாளே போன் வந்தது, மறுபடி முதல் நிலவறை. ஹார்ட் டிஸ்கையே மாற்றினேன். அதிலும் அதேதான்.

அடுத்த முறை அவர் பெட்டியைக் கொண்டுவரவில்லை. வெறும் கையோடு வந்தார்.

"வுட்டுடலாம்ணே" என்றார்.

"என்னங்க, டிஸ்க் புதுசு. கேம்ல ஏதோ இருக்கும். பாத்துடலாம்."

"கேமச் சொல்லல." வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இதுவும் அப்டிதான் பண்ணுது. ஆடி முடிக்கறப்ப நல்லா மடங்குது. நாலு வெரலும் வந்துருது. காலைல எழுந்து பாத்தா மறுபடி கட்ட மாதிரி கெடக்கு. ரெண்டும் பேசி வச்சிகினு பண்ற மாதிரி இருக்கு. எதுவும் நிக்க மாட்டேங்குது. போர்டுக்குப் போயி அவமானப்படறத வுட, லைட் டூட்டியே குடுங்கன்னு நானே எழுதிக் குடுத்துடறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுவரை எனக்கு அது ஒரு கம்ப்யூட்டர் பழுது. அன்றைக்குத்தான் தெரிந்தது, காலையில் திரையில் அந்த முதல் நிலவறையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தன் கையைப் பார்த்திருக்கிறார்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பில் எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நம்ம கடையில நிக்குது, அவரு வீட்டுல நிக்கல. சரிதானே?"

"ஆமா மேடம்."

"அப்ப பெட்டிய ஏன் இங்க கொண்டாறச் சொல்லுதீங்க? வீட்டுல அவரு எப்படி ஆடுதாரு, எப்படி முடிக்காருன்னு பாத்தீங்களா?"

ஆடுவதைப் பார்த்திருந்தேன். முடிப்பதைப் பார்க்கவில்லை.

"நாளைக்குப் போங்க. கை பின்னால."

மறுநாள் காலை போனேன். ஆட மறுத்த ஆளை, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி உட்காரவைத்தேன். இடது கையைத் துண்டால் கட்டினேன். பின்னால் போய்க் கை கட்டி நின்றேன். ஆடினார். சுண்டுவிரல் மட்டும் வராமல் முரண்டு பிடித்தது. ஃபோர்மேன் ஒரு பூட்டைத் திறந்தார், உள்ளே இருந்த எலும்புக்கூடு ஃபோர்மேனையே அடித்தது. "வாங்கிக்கோ" என்றார் கலியபெருமாள், சந்தோஷமாக. மதியம் ஆயிற்று. சேமித்தார். கேமை விட்டு வெளியே வந்தார்.

"அடுத்து என்ன செய்வீங்க?" என்றேன், மேடம் கேட்பதைப் போலவே.

பல்லால் துண்டை அவிழ்த்தார், எழுந்தார், வாசல் பக்கம் நடந்தார். அங்கே மீட்டர் போர்டு இருந்தது. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகப் பீங்கான் ஃபியூஸ் வைத்த பழைய குவார்ட்டர்ஸ் போர்டு. அந்த அறையின் ஃபியூசை இடது கையால் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே கம்ப்யூட்டர் திரை பட்டென்று அணைந்தது.

"இது எதுக்குங்க?"

என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வேல முடிஞ்சா கரண்ட துண்டிச்சு ஐசோலேட் பண்ணிட்டுதானே வரணும். ஃபியூஸு நம்ம பையில இருந்தாதான் வேற எவனும் போடமாட்டான். சுவிச்ச நம்பிகினு நான் என்னிக்கும் வந்தது இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த வருஷங்களில் தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் கட். வடலூரிலோ கடலூரிலோ ஒரு மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வியே "கரண்ட் போச்சா?" என்பதுதான். எங்கள் டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது. அதைத் தயாரிக்கிற இடம் ஆயிற்றே. யார் வீட்டிலும் யூபிஎஸ் கிடையாது, அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் கேட்பதும் கிடையாது. நானும் கேட்கவில்லை.

உள்ளே அழைத்துப்போய், அணைந்த பெட்டியைக் காட்டி அவருக்கு விளக்கினேன். கம்ப்யூட்டர் 'எழுதிவிட்டேன்' என்று சொல்லும், ஆனால் உடனே டிஸ்கில் எழுதாது. கொஞ்ச நேரம் தன் நினைவில் பிடித்து வைத்திருந்து, வேலை ஓய்ந்ததும்தான் எழுதும். ஷட் டவுன் கொடுத்தால், கையில் இருப்பதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுத் தூங்கும். அதற்குள் ஃபியூசைப் பிடுங்கினால் அன்றைய ஆட்டம் போயிற்று.

"அப்ப சேவ் ஆயிடுச்சின்னு அது சொல்றது பொய்யா?"

"பொய் இல்லைங்க. உங்க செக்ஷன்ல, கரண்ட நிறுத்தியாச்சா, தொடலாமான்னு லைன் கிளியர் கேட்டா என்ன செய்வாங்க? குடுத்துட்டேன்னு சொன்னதும் கைய வைப்பீங்களா?"

"எழுதிக் குடுக்கறவரைக்கும் வைக்கமாட்டேன்."

"அதேதான். பெட்டியில இந்த விளக்கு அணையறதுதான் லைன் கிளியர். அது அணைஞ்சப்புறம் தாராளமா ஃபியூசைப் புடுங்குங்க."

அந்தச் சின்ன விளக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மீட்டர் போர்டுக்குப் போய், பையிலிருந்த ஃபியூசை எடுத்தார். மெயினை ஆஃப் செய்தார். இடது கையில் இருந்ததை வலது கைக்கு மாற்றினார்.

"இனிமே இதுவும் இந்தக் கைக்குத்தான்" என்றார்.

பீங்கான் ஃபியூஸ் சுலபமாக உள்ளே போகாது, அழுத்திப் பிடிக்கவேண்டும். இரண்டு தடவை நழுவியது. நான் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை, "நீ கைய பின்னால கட்டுண்ணே" என்றார். கட்டிக்கொண்டேன். போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலமே மறுபடி முதலிலிருந்து ஆடியிருக்கிறார். மறுநாள் காலை போன் வந்தது. "ரெண்டாவது தளத்துலயே நிக்கறேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

கை அப்படி ஒரே நாளில் வந்துவிடவில்லை. காலையில் விரல்கள் விறைத்துத்தான் கிடந்தன. ஆனால் திரை ஏமாற்றாததால், கையையும் நம்ப ஆரம்பித்தார். முன்பெல்லாம் விறைப்பு விட மதியம் ஆகும், பிறகு காலைச் சாப்பாட்டுக்குள் விட்டது என்று சுகந்தி சொன்னாள். தளம் தளமாக இறங்கினார். ஆறு பேரில் இரண்டு பேர் செத்தார்கள், கேமுக்குள் ஒரு கோயிலைக் கண்டுபிடித்து அவர்களை உயிர்ப்பித்தார். ஃபோர்மேனை மட்டும் கொஞ்ச நாள் சாகவிட்டு வைத்திருந்தார்.

மெடிக்கல் போர்டு வந்தது. டாக்டர்கள் நியாயமானவர்கள்தான். சட்டைப் பொத்தான் போடச் சொன்னார்கள், போட்டார். போல்ட்டில் நட்டை ஏற்றச் சொன்னார்கள், பாதியில் சுண்டுவிரல் விட்டுவிட்டது, நட்டு தரையில் உருண்டது. இப்போதைக்கு ஃபிட் இல்லை, சில மாதம் கழித்து ஒரே ஒரு முறை மறுபடி பார்ப்போம் என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு லைட் டூட்டிதான்.

அன்று மதியம் நேராகக் கடைக்கு வந்தார். நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்குதாமே" என்றார். "தள்ளுபடி எப்ப வுடுவான்?"

"முதல் பாகமே முடியலையேங்க?"

"முடிச்சிடுவேன். கடைசித் தளத்துல இருக்கேன். முடிச்சிட்டு சும்மா ஒக்காரக் கூடாதுல்ல. சுண்டுவெரலு மட்டுந்தான் பாக்கி." சுண்டுவிரலை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "இவன் ஒருத்தன்தான் இன்னும் கான்ட்ராக்ட்டுல இருக்கான். மத்த நாலு பேரும் பர்மனென்ட் ஆயிட்டாங்க."

மேடம் அன்றைக்குத்தான் கடையில் வாய்விட்டுச் சிரித்தார்.

தள்ளுபடிக்கு அவர் காத்திருக்கவில்லை. சுகந்தியிடம் சொல்லி முழு விலைக்கே வாங்கவைத்தார். அந்தப் பாகத்தில் எண்களோடு கூட, ஓரத்தில் இருக்கும் எண்டர் பட்டனையும் அடிக்கடி அழுத்தவேண்டும். அது சுண்டுவிரலின் இடம். அதை வேறு விரலால் அழுத்தமாட்டேன் என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார். அதனாலேயே பல சண்டைகளில் தோற்றார். தோற்றால் சேமித்த இடத்திலிருந்து மறுபடி. மறுபடி. நான் எப்போதாவது போவேன், பின்னால் நிற்பேன். சரி செய்ய ஒன்றும் இருக்காது.

இரண்டாவது போர்டில் டாக்டர் போல்ட்டைக் கொடுக்கவில்லை, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒயர் மாட்டும் கட்டையும் கொடுத்தாராம். கலியபெருமாள் ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்கினார். "ஏன் இவ்ளோ மெதுவா?" என்று கேட்டாராம் டாக்டர். "மெதுவாத்தான் சார் வரும்" என்று சொல்லிவிட்டு, தலை நிமிராமல் கடைசி ஸ்க்ரூ வரை முடித்திருக்கிறார். டாக்டர் ஒயரை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. 'ஃபிட்' என்று எழுதினார்.

அவர் வேலைக்குத் திரும்பிய நாள் காலை நான் பால் வாங்கப் போயிருந்தேன். ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில், ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் சுகந்தி. லீவுக்கு வந்திருந்தாள்.

"அங்கிள், நீங்களாவது சொல்லுங்க. கடைசிக் கோட்டை வாசல்ல ஆறு பேரையும் நிக்க வச்சுட்டு அப்பா கெளம்பிட்டாரு. ஒரு மணி நேரம் ஆடியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"முடிச்சிருக்கலாமேங்க?" என்றேன்.

"லீவு நாள்ல பாத்துக்கலாம்ணே. இன்னிக்கி ஏ ஷிப்ட்டு."

பஸ் வந்தது. உள்ளே இருந்து யாரோ, "யோவ் கலியபெருமாளு, கேம் ஆடுனியா, வேல கத்துகினு வந்தியா?" என்று கத்தினார்கள். அது அந்த ஃபோர்மேன்தான் என்று சுகந்தி என் காதில் சொன்னாள்.

"ரெண்டுந்தான்" என்றார் கலியபெருமாள். "உன்ன எத்தினி தடவ சாவடிச்சேன்னு உள்ள வந்து சொல்றேன்."

டிபன் பாக்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வாசல் கம்பியை வலது கையால் பிடித்தார். ஒவ்வொரு விரலாக மடங்கியது, கடைசியாகச் சுண்டுவிரலும். அது மடங்கும்வரை நின்றிருந்து, பிறகு காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.